இன்ஜின் மிஸ்ஸிங், நடுக்கம்: வீட்டிலேயே காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆர்பிஎம் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்குகிறது. ஸ்டீயரிங்கில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. சைலன்சர் சத்தத்தில் அவ்வப்போது ஒரு துடிப்பு தவறுகிறது. கிளம்ப ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கி, வெட்டி வெட்டி இழுக்கிறது. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்று சொல்வது இதைத்தான்.

எனக்கு முதல்முறை இது வந்தபோது நான்கு பிளக்குகளையும் மாற்றினேன், போகவில்லை. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயில் ஒன்றை மாற்றினேன். இரண்டு நாள் சரியானதுபோல இருந்து மறுபடி தொடங்கியது. கடைசியில் பார்த்தால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், எட்டிப் பார்த்தால்கூடத் தெரியாத இடத்தில், ஒரு ரப்பர் ஹோஸ் விரல்நகம் அளவுக்கு வெடித்திருந்தது. நான் கழற்றிப் போட்ட பிளக்கும் காயிலும் நன்றாகவே இருந்தவை. அன்றிலிருந்து, ஒரு பாகம் கெட்டுவிட்டது என்று சோதனையில் தெரியும்வரை அதை வாங்குவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றிப் பார்ப்பது. கீழே உள்ள வரிசை அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. பெட்ரோல் இன்ஜினை வைத்தே எழுதுகிறேன், டீசலைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது

ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரிய, சரியான அளவு காற்றும் பெட்ரோலும், சரியான நேரத்தில் தீப்பொறியும், கலவையை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷனும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சிலிண்டர் தன் முறையில் வேலை செய்யாமல் விட்டுவிடும், இன்ஜின் ஒரு பக்கம் தடுமாறும்.

ஆகவே முதல் கேள்வி: கோளாறு ஒரு சிலிண்டரிலா, எல்லாச் சிலிண்டரிலுமா? ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் அதற்கென்றே உள்ள பாகங்களில்தான் காரணம் இருக்கும்: அதன் பிளக், காயில், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், வால்வு, பிஸ்டன் ரிங். எல்லாமே தடுமாறுகின்றன என்றால் பொதுவாக உள்ளவற்றைப் பார்க்க வேண்டும்: காற்றுக் கசிவு, சென்சார், பெட்ரோல் பிரஷர், ஆக்சிலரேட்டருக்கு ஏற்பக் காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி. இந்த ஒரு பிரிவினை தெரிந்துவிட்டால் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

கை வைப்பதற்கு முன் எச்சரிக்கை

இன்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பதெல்லாம் திறந்த வெளியில் மட்டும். மூடிய ஷெட்டில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மயக்கம் வரும்வரை தெரியவே தெரியாது. காயிலிலிருந்து பிளக்குக்குப் போவது பல்லாயிரம் வோல்ட், இப்போதைய காயில்களில் 20,000 முதல் 40,000 வரை. ஓடும்போது காயிலையோ வயரையோ கையால் பிடுங்கிப் பார்க்காதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பானெட் பக்கமே வர வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும், பெல்ட் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். தொங்கும் துணி, கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். பெட்ரோல் லைனைத் தொடும் வேலை என்றால் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று இதைவிட அவசரம். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால், பார்த்து ஓட்டி வீடு வந்து சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு பிளக்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை கன்வெர்ட்டர்வரை போய்விடும்.

படி 1: மிஸ்ஸிங்கா, வெறும் அதிர்வா?

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். இன்ஜின் சூடான பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐட்லிங்கில் விட்டு, ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்கள் 650க்கும் 850க்கும் இடையில் ஓரிடத்தில் நிற்கும். ஏசி போட்டால் சற்று ஏறும். முள் அசையாமல் நிற்கிறது, சைலன்சர் சத்தமும் சீராக இருக்கிறது, ஆனால் சீட்டும் ஸ்டீயரிங்கும் நடுங்குகின்றன என்றால், இன்ஜின் மவுண்டைச் சந்தேகியுங்கள். இன்ஜினைத் தாங்கும் அந்த ரப்பர் கிழிந்திருந்தாலோ, எண்ணெய் நிரப்பிய வகையில் எண்ணெய் ஒழுகிப்போயிருந்தாலோ, நல்ல இன்ஜின்கூட உடம்பை உலுக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஒருமுறை 'டி'யிலும் ஒருமுறை 'என்'னிலும் போட்டுப் பாருங்கள். 'என்'னில் நடுக்கம் அடங்கி 'டி'யில் திரும்பினால் மவுண்ட்மேல் சந்தேகம் வலுக்கும்.

முள் ஆடினால், சத்தத்தில் துடிப்பு தவறினால், அது மிஸ்ஸிங்தான். சைலன்சர் குழாய்க்குப் பின்னால், சூடு படாத தூரத்தில் உள்ளங்கையை வைத்தால் காற்றின் தாளம் தெரியும். ஒரே தாளத்தில் வந்து, குறிப்பிட்ட இடைவெளியில் ஒன்று தவறினால் ஒரே சிலிண்டர். ஒழுங்கே இல்லாமல் தவறினால் பொதுவான காரணம். கருவி எதுவுமின்றிக் கிடைக்கும் முதல் துப்பு இது.

எப்போது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டுமா, சூடானபின் மட்டுமா? நிற்கும்போதா, மேட்டில் ஏறும்போதா? மழை பெய்தபோதா? பெட்ரோல் போட்டவுடனா? கீழே இவற்றில் பலவற்றுக்குப் பதில் இருக்கிறது.

படி 2: கண்ணாலும் காதாலும்

டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் நிதானமாகப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி சரியாக மூடியிருக்கிறதா? அதிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயை வளைத்து, மடிப்புகளின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். சிறிய ஹோஸ்களின் நுனிகளை விரலால் அழுத்திப் பாருங்கள், காய்ந்து மொறமொறப்பாக இருந்தால் மாற்ற வேண்டியவை. கனெக்டர் ஒவ்வொன்றும் 'க்ளிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா? எலி கடித்த வயர் உண்டா? பேட்டரி முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கிறதா? பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர் தளர்ந்திருக்கிறதா?

மல்டிமீட்டர் இருந்தால் இரண்டே அளவுகள் எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை. இதைவிடக் கீழே இறங்கினால் காயில், இன்ஜெக்டர், பம்ப் எல்லாமே அரைவயிற்றோடு வேலை செய்யும். மற்ற சோதனைகளை அப்போது நம்ப முடியாது, முதலில் சார்ஜிங்கைச் சரிசெய்யுங்கள்.

அண்மையில் யாராவது வண்டியில் கை வைத்தார்களா என்பதும் முக்கியம். சர்வீஸ் முடிந்த மறுநாளே தொடங்கிய மிஸ்ஸிங் என்றால், அந்த சர்வீஸில் கழற்றி மாட்டிய இடத்தில் முதலில் தேடுங்கள். மாட்ட மறந்த ஹோஸ், பாதி உட்கார்ந்த கனெக்டர், மூடாத ஆயில் மூடி என்று அநேகமாக ஏதாவது ஒன்று அங்கேயே அகப்படும்.

படி 3: ஸ்கேனர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 முனை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் இடம். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான ஏற்பாடு அது. பிற நாடுகள் பின்னால் தொடர்ந்தன. மொபைலோடு இணையும் சிறிய அடாப்டர் போதும், ஆனால் கோடு (கோளாறு எண்) மட்டும் படிப்பதாக இல்லாமல், ஓடும்போதே மாறும் அளவுகளான லைவ் டேட்டாவும் காட்டுவதாக இருக்க வேண்டும்.

பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத, பரவலான மிஸ்ஃபயர். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0171 கலவையில் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம் என்பதைக் காட்டும், அதாவது லீன். பி0172 அதற்கு நேர்மாறு, ரிச். பி0335 கிராங்க் சென்சார், பி0340 கேம் சென்சார், இரண்டும் இன்ஜின் சுழலும் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்பவை. பி0016 வந்தால், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் டைமிங் செயின் அல்லது பெல்ட் நகர்ந்திருக்கலாம். அந்த நிலையில் இன்ஜினை மேலும் ஓடவிடாமல், டைமிங்கைப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கோளாறுக் கோடை உடனே அழித்துவிடாதீர்கள். அதோடு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பதிவு இருக்கும். கோளாறு வந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். நீங்கள் குறித்துவைத்த 'எப்போது வருகிறது' என்பதற்குச் சாட்சி அதுதான். எழுதிவைத்துக்கொண்ட பிறகே அழியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கோடு சொல்வது அறிகுறியைத்தான். பி0301 வந்தால் முதல் சிலிண்டர் எரியவில்லை என்று மட்டுமே தெரியும். ஏன் எரியவில்லை என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 4: ஒரே சிலிண்டர் என்றால், இடம் மாற்றும் சோதனை

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. காசு செலவில்லை, பதில் தெளிவாக வரும்.

முதலில் எந்தச் சிலிண்டர் எந்த எண் என்று உறுதி செய்யுங்கள். பல வண்டிகளில் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கத்திலிருந்து 1 தொடங்கும். சில தயாரிப்புகளில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை நிறுத்தி, இக்னிஷனையும் ஆஃப் செய்து, ஆற விடுங்கள். 2ஆம் சிலிண்டரின் காயிலையும் 3ஆம் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். கோடை அழித்து, மிஸ்ஸிங் வரும் சூழலில் ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, அது போன இடத்துக்குக் கோளாறும் போயிருக்கிறது. பி0302 அப்படியே நின்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள். அதிலும் நகராவிட்டால் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் மீதி.

சில இன்ஜின்களில் ஒரே காயில் இரண்டு சிலிண்டர்களுக்குப் பொறி கொடுக்கும், பெரும்பாலும் 1க்கும் 4க்கும் ஒன்று, 2க்கும் 3க்கும் ஒன்று. அப்படிப்பட்ட ஜோடி இரண்டும் ஒன்றாகத் தவறினால் காயில் பேக்கை நேராகச் சந்தேகிக்கலாம். பிளக் வயர் உள்ள பழைய வண்டியில், வயரின் தடையை ஓம் மீட்டரில் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நீளத்துக்கு ஏற்ப சில ஆயிரம் ஓம் இருக்கும். ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினாலோ, தொடர்பே இல்லை என்று காட்டினாலோ அதை மாற்ற வேண்டும். மழைநாளில் மட்டும் மிஸ்ஸிங் என்றால், இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, தள்ளி நின்று வயர்கள்மேல் மிக மெல்லிய நீர்த்தூறல் அடித்துப் பாருங்கள். வெளியே கசியும் மின்சாரம் நீலப் பொறியாகத் தெரியும்.

ஸ்கேனர் கிடைக்காதவர்களுக்கு வேறு வழி உண்டு. ஐட்லிங்கில் ஒவ்வோர் இன்ஜெக்டர் கனெக்டராகப் பிடுங்கி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் கனெக்டரைப் பிடுங்கினால் இன்ஜின் இன்னும் மோசமாகத் தடுமாறும். எதைப் பிடுங்கியும் மாற்றம் தெரியவில்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. காயிலைப் பிடுங்கியும் இதைச் செய்வார்கள், ஆனால் அப்போது பெட்ரோல் எரியாமல் கன்வெர்ட்டருக்குப் போகும். இன்ஜெக்டரைப் பிடுங்கினால் பெட்ரோலே நின்றுவிடும், அதுதான் பாதுகாப்பு. கனெக்டர் கைக்கு எட்டாத இன்ஜினிலும், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினிலும் இதைச் செய்ய வேண்டாம்.

படி 5: பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள்

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான். சூடான அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை கையோடு வந்துவிடும். பிளக் குழியில் சேர்ந்திருக்கும் மண்ணை முதலில் காற்று அடித்து வெளியேற்றுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையிலேயே அடுக்கி வையுங்கள்.

நல்ல பிளக்கின் நுனி இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். காய்ந்த கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது பொறி வலுவில்லை. ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் வருகிறது. வெளுத்து, நுனியில் கொப்புளம் கண்டிருந்தால் அதிகச் சூடு, லீன் கலவை. நான்கில் ஒன்று மட்டும் கழுவி விட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் கவனமாகுங்கள். அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போய் ஆவியாகி அதைச் சுத்தம் செய்திருக்கலாம். கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வருகிறதா என்று உடனே பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், அது மின்சாரம் வெளியே ஓடிய தடம். அந்தப் பிளக்கும் அதன்மேல் உட்காரும் ரப்பர் உறையும் சேர்ந்தே மாற வேண்டும்.

பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால், வால்வு கவர் கேஸ்கெட்டோடு வரும் குழாய் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால், புதிய காயிலின் ரப்பரும் ஆயிலில் ஊறிச் சில மாதங்களில் திரும்பவும் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

புதிய பிளக்கின் இடைவெளி எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாக 0.6 முதல் 1.1 மி.மீ. வரை. இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளின் மெல்லிய நுனியை நாணய வடிவக் கருவியால் நெம்பாதீர்கள், உடைந்துவிடும். மாட்டும்போது சாக்கெட்டை மட்டும் பிடித்து விரலாலேயே பல சுற்றுத் திருகுங்கள். தடை தெரிந்தால் நிறுத்தி, வெளியே எடுத்து, மறுபடி தொடங்குங்கள். இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். 14 மி.மீ. மரையும் அலுமினிய ஹெட்டும் என்றால் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள புதிய பிளக்கை விரலால் உட்கார்ந்த இடத்திலிருந்து அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. வாஷர் இல்லாத கூம்பு வகைக்குச் சுற்றில் பதினாறில் ஒரு பங்குதான். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். தடவினால் அதே டார்க்கில் பிளக் அதிகமாக இறுகி மரையை இழுத்துவிடும்.

படி 6: எல்லாச் சிலிண்டரும் என்றால், காற்று எங்கே திருட்டுத்தனமாக நுழைகிறது?

பி0300, பி0171 இரண்டும் சேர்ந்து வந்தால், ஐட்லிங்கில் மோசமாகவும் வேகத்தில் சுமாராகவும் ஓடினால், நான் முதலில் தேடுவது வேக்யூம் லீக். ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருப்பதால் மேனிஃபோல்டுக்குள் வலுவான உறிஞ்சல் இருக்கும். அப்போது சிறு வெடிப்பு வழியாக வரும் காற்றுகூட மொத்தக் காற்றில் பெரிய பங்கு. த்ராட்டில் திறந்ததும் அதே கசிவு, கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிவிடும்.

இதை எண்களில் பார்க்க ஸ்கேனரில் 'ஃபியூல் ட்ரிம்' இருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற சதவீதம் அது. ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை நல்ல நிலை, 10ஐத் தாண்டினால் தேட வேண்டும். ஐட்லிங்கில் பிளஸ் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பிளஸ் 4க்கு இறங்கினால் அது காற்றுக் கசிவு. மாறாக, ஐட்லிங்கில் நன்றாக இருந்து, ஏற்றத்தில் மிதிக்கும்போது பிளஸ் 15, 20 என்று ஏறினால், பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்காகிக் குறைவாகச் சொல்கிறது. ஐட்லிங்கிலும் வேகத்திலும் மைனஸிலேயே இருந்தால், ஒழுகும் இன்ஜெக்டர், தவறாகச் சொல்லும் சென்சார் என்று ரிச் பக்கம் தேடுங்கள்.

இங்கே ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. தீப்பொறி இல்லாத சிலிண்டர் தன் பங்கு ஆக்சிஜனை எரிக்காமல் வெளியே தள்ளும். அதைப் பார்த்து ஆக்சிஜன் சென்சார் 'லீன்' என்று தப்பாகச் சொல்லும். ஆகவே ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் இருக்கும்போது ட்ரிம்மை நம்ப வேண்டாம், அதைத் தீர்த்துவிட்டுப் பாருங்கள். இரண்டாவது, மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு பிரஷரை மட்டும் அளக்கும் வண்டிகளில், கசியும் காற்றும் அந்த அளவுக்குள் வந்துவிடும். அங்கே ட்ரிம் பெரிதாக மாறாது. பதிலுக்கு ஐட்லிங் ஆர்பிஎம் வழக்கத்தைவிட ஏறி நிற்கும்.

கசிவைத் தேட எளிய வழி காதுதான். ஒரு மீட்டர் ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை ஹோஸ் இணைப்புகள், மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரம், பிரேக் பூஸ்டர் ஹோஸ் என்று மெல்ல நகர்த்துங்கள், சுழலும் பாகங்களைத் தவிர்த்து. 'ஸ்ஸ்' என்ற சத்தம் பளிச்சென்று கேட்கும். அடுத்து, சோப்புத் தண்ணீரைச் சந்தேகமான இணைப்பில் மட்டும், மின் இணைப்புகளில் படாமல் லேசாக அடியுங்கள். தண்ணீர் வெடிப்பை அடைக்கும் ஓரிரு நொடிக்கு ஐட்லிங் மாறும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பதும் வழக்கம்தான், ஆனால் சூடான சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்தில் அது தீப்பிடிக்கும். நான் வீட்டில் அதைச் செய்வதில்லை. மூன்றாவது வழி, ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் துணி சுற்றிய குறடால் ஒரு கணம் நசுக்குவது. எந்த ஹோஸை நசுக்கும்போது இன்ஜின் சீராகிறதோ, அதன் மறுமுனையில்தான் கோளாறு.

இப்படி நசுக்கும்போது மூன்றை மறக்காமல் பாருங்கள். இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி வால்வும் அதன் ஹோஸும், சூட்டில் வெந்து முதலில் வெடிப்பது இதுதான். பெட்ரோல் டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு, இது திறந்தபடி நின்றுவிட்டால் பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, பிறகு சில நிமிடம் தடுமாறும். மிதியின் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டர், பிரேக்கை மிதிக்கும்போது ஐட்லிங் மாறி, மிதி கடினமாகவும் இருந்தால் அதன் ஹோஸ் அல்லது டயஃப்ரம். இது பிரேக் சம்பந்தப்பட்டது என்பதால் தள்ளிப்போடவே கூடாது.

படி 7: த்ராட்டில் பாடியும் காற்றளக்கும் சென்சாரும்

இரண்டும் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சீராகும். த்ராட்டில் தட்டின் ஓரத்தில் கரி படிந்தால் ஐட்லிங் காற்று போகும் மெல்லிய இடுக்கு அடைபடும். சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் சரிந்து அணைந்துவிடும். த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தட்டை இக்னிஷன் ஆனில் இருக்கும்போது விரலால் தள்ளாதீர்கள், உள்ளிருக்கும் பல்சக்கரம் உடையும், விரலும் மாட்டும். துடைத்த பிறகு முதலில் ஐட்லிங் ஏறி நின்றால் பயப்பட வேண்டாம். அழுக்குக்கு ஏற்பப் பழகியிருந்த கம்ப்யூட்டர் புதிதாகப் பழக வேண்டும், சில வண்டிகளில் அதற்கென்று தனி முறை புத்தகத்தில் இருக்கும்.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அதற்கென்றே விற்கும் கிளீனர் மட்டும். உள்ளே முடிபோன்ற கம்பி இருக்கும், விரலோ துணியோ பஞ்சோ படக் கூடாது. அடித்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

எரிந்த புகையில் ஒரு பகுதியை இன்டேக்குக்குத் திருப்பும் ஈஜிஆர் வால்வு கரியில் சிக்கித் திறந்தபடி நின்றாலும், ஐட்லிங்கில் தடுமாறி வேகத்தில் சரியாகிவிடும். கழற்றிச் சுத்தம் செய்து புதிய கேஸ்கெட்டோடு மாட்டலாம். குளிரில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் கூலன்ட் சென்சாரைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன், கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஸ்கேனரில் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் அநேகமாக வயரோ சென்சாரோ அறுந்திருக்கிறது.

படி 8: பெட்ரோல் ஒழுங்காகப் போகிறதா?

இன்ஜெக்டர் வேலை செய்கிறதா என்று கேட்க நீண்ட ஸ்க்ரூடிரைவர் போதும். நுனியை இன்ஜெக்டரின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் 'டிக் டிக் டிக்' கேட்கும். நான்கில் ஒன்று ஊமையாக இருந்தால் அதன் கனெக்டரையும் வயரையும் பாருங்கள். பிறகு கனெக்டரைக் கழற்றி, மற்றவற்றோடு ஓம் அளவை ஒப்பிடுங்கள். சிலிண்டருக்கு வெளியே, இன்டேக் வழியில் பெட்ரோலைத் தெளிக்கும் சாதாரண போர்ட் இன்ஜெக்டர்கள் பல 11 முதல் 16 ஓம் காட்டும்.

பிரஷரை அளக்க கேஜ் வேண்டும். போர்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பொதுவாக 3 முதல் 4 பார் அழுத்தம். லைனைத் திறக்கும் முன் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், உள்ளிருக்கும் அழுத்தம் இறங்கும். டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினின் உயர் அழுத்த லைனை வீட்டில் திறக்கவே கூடாது. அங்கே அழுத்தம் நூறு பாரைத் தாண்டும். அந்த வகை இன்ஜின்களுக்கு இன்னொரு நோயும் உண்டு. பெட்ரோல் வால்வின்மேல் பட்டுக் கழுவாததால் இன்டேக் வால்வில் கரி கட்டி குளிரில் மிஸ்ஸிங் வரும். டேங்கில் ஊற்றும் மருந்து அங்கே எட்டாது, வொர்க்ஷாப்பில் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

படி 9: கம்ப்ரஷன்

காயில், பிளக், இன்ஜெக்டர் எல்லாம் நல்லவை என்று தெரிந்தும் அதே சிலிண்டர் எரியவில்லை என்றால் மட்டும் இதற்கு வாருங்கள். பேட்டரி முழு சார்ஜ், இன்ஜின் இளஞ்சூடு. பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கைச் சுழற்சி, ஐந்தாறு போதும்.

நல்ல பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 125 முதல் 180 பிஎஸ்ஐ வரை காட்டும், ஆனால் எண்ணைவிடச் சமநிலைதான் முக்கியம். மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒன்று குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் குறைந்தால் அவற்றின் நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இவற்றில் எதுவாக இருந்தாலும் வீட்டு வேலை இங்கே முடிகிறது. எழுதிவைத்த எண்களோடு மெக்கானிக்கிடம் போங்கள். '3ஆம் சிலிண்டர் 70, மற்ற மூன்றும் 165, ஆயில் விட்டும் ஏறவில்லை' என்று சொன்னால், அவர் எங்கே தொடங்க வேண்டும் என்பது அவருக்கும் உடனே தெரியும், தேவையில்லாத வேலைக்கு நீங்களும் பணம் கொடுக்க மாட்டீர்கள்.

டீசல் என்றால்

தீப்பொறி பிளக்கும் காயிலும் கிடையாது. குளிரில் மட்டும் தடுமாறி வெள்ளைப் புகை வந்தால், ஸ்டார்ட் செய்ய உள்ளே சூடாக்கும் க்ளோ பிளக்குகளை ஓம் மீட்டரில் அளங்கள், நல்லது ஓரிரு ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டும். ஃபில்டர் மாற்றிய பிறகு தொடங்கினால் லைனில் காற்று நிற்கிறது, கைபம்பில் அடித்து வெளியேற்றுங்கள். ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடியுங்கள். காமன் ரெயில் இன்ஜினின் உயர் அழுத்தக் குழாயை, ஓடும்போது ஒருநாளும் தளர்த்தாதீர்கள். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி லேசாக இருந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

சரிசெய்த பிறகு

கோடுகளை அழித்து, ஐட்லிங், ஊர் வேகம், நெடுஞ்சாலை வேகம், ஓர் ஏற்றம் எல்லாம் வரும்படி ஓட்டுங்கள். முன்பு கோளாறு எந்தச் சூழலில் வந்ததோ அதை வேண்டுமென்றே உண்டாக்குங்கள். காலைக் குளிரில் வந்தது என்றால், மறுநாள் காலைவரை பொறுத்திருந்து பார்க்காமல் சரியாகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பிறகு ஸ்கேனரில் 'பெண்டிங்' கோடு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு எரியும் முன்பே அது அங்கே தெரியும். லாங் டேர்ம் ட்ரிம் சில நாள் ஓட்டத்தில் மெல்ல மெல்ல இறங்கி 5 சதவீதத்துக்குள் வந்து நின்றால், பானெட்டைத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை.